கிணறு ஊறும் நேரம்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பது. கோல்டிங் ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, ஓர் அட்டையில் தமிழில் எழுதியிருந்த என் பெயர். மழையில் மை வழிந்து கடைசி இரண்டு எழுத்துகள் ஏற்கெனவே காணாமல் போயிருந்தன. அட்டையைப் பிடித்திருந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் ரப்பர் கோட்டு, அதே நிறத்தில் தொப்பி.

"வாங்கோ அண்ணை. மூண்டரைக்கு வாறனெண்டுதானே கடிதத்தில எழுதினனீங்கள்?"

மூன்றரைக்குத்தான் வந்திருக்க வேண்டும். கோப்பன்ஹேகனிலிருந்து வரும் ரயில் பாதி வழியில் கடலைக் கண்டதும் பெட்டிகளோடு ஒரு கப்பலுக்குள் ஏறிவிடுகிறது. பயணிகள் மேல்தட்டுக்குப் போய்க் காபி குடிக்கிறார்கள். நானும் குடித்தேன். இறங்கி வந்தபோது கப்பலின் வயிற்றில் ஒரே சிவப்பு நிறத்தில் இரண்டு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஏறியது தவறான ரயில் என்பது கோல்டிங் பக்கம் திரும்பாமல் வடக்கே வைலே என்ற ஊருக்குப் போன பிறகு தெரிந்தது. டிக்கெட் பரிசோதகர் கோபிக்கவில்லை. என் டிக்கெட்டின் பின்புறம் நான்கு வரி எழுதி, அடுத்த ரயிலின் பரிசோதகரிடம் என்னை ஒப்படைத்தார். பார்சலைப் போல வந்து சேர்ந்தேன்.

"பெட்டி மாறிட்டீங்களோ? அது எல்லாருக்கும் ஒருக்கா நடக்கும்" என்றார் மஞ்சள் கோட்டுக்காரர். "நான் மாறி ஏறினது ஜெர்மனிக்குப் போற பெட்டி. எல்லையில பொலிஸ் வந்தெல்லோ இறக்கினது."

அவர் பெயர் குலசிங்கம். எல்லாருக்கும் குலம். யாழ்ப்பாணத்தில் நீர்வேலிக்காரர், வாழையும் வெங்காயமும் போட்டுக்கொண்டிருந்தவர். டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. அடுத்த நான்கு நாட்களுக்கு அவர்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

நான் ஏன் வரவழைக்கப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே அது முழுதாகப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. கிர்ஸ்டன் என்ற டேனிஷ் பெண்மணி சில ஆண்டுகளுக்கு முன் கண்மாய்களைப் பார்க்க எங்கள் பக்கம் வந்தார். அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழின் விவசாயச் செய்தியாளன். மூன்று நாள் ஜீப்பில் அவரை ராமநாதபுரம் முழுக்கச் சுற்றிக் காட்டினேன். அவரும் கணவர் யென்ஸும் இன்னும் ஐந்து குடும்பங்களும் கோல்டிங்குக்கு வெளியே ஒரு பண்ணையில் கூட்டாக வாழ்கிறார்கள். அந்தப் பண்ணையை விற்றுவிட்டுத் தெற்குப் போர்த்துகலில் வெயிலும் வறட்சியுமான ஒரு மாவட்டத்தில் ஐம்பது ஏக்கர் வாங்கி, தங்கள் உணவையும் தண்ணீரையும் தாங்களே பார்த்துக்கொண்டு வாழ வேண்டும் என்பது திட்டம். அந்த நிலம் அதற்குத் தேறுமா என்று வறண்ட பூமியிலிருந்து வந்த ஒருவன் சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நான். நிலம் போர்த்துகலில் இருந்தது. நான் டென்மார்க்கில் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

"நேரா அங்கயே அனுப்பியிருக்கலாமே?" என்று வேனில் போகும்போது குலத்திடம் கேட்டேன். கிர்ஸ்டன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அதை நானும் கேட்டனான். முதல்ல எல்லாரும் இருந்து கதைக்க வேணுமாம். கதைச்சு முடிச்சாத்தான் மற்றதெல்லாம். இந்த நாட்டில மழையை விடக் கதைதான் கூட, அண்ணை."

புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சமையலறைச் சுவரில் வேலைப் பட்டியலைப் பார்த்தேன். கட்டம் போட்ட பெரிய தாள். சமையல், கோழி, தோட்டம், பாத்திரம். புதன்கிழமை பாத்திரத்துக்கு நேராக என் பெயர் இருந்தது. விருந்தாளி என்று தனியாக ஓர் இனம் அங்கே கிடையாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாலே வீட்டுக்காரர் பதறிப்போவார். இங்கே பதினேழு பேர் சாப்பிட்ட தட்டுகளை நான் கழுவினேன், ஒருவரும் பதறவில்லை. யென்ஸ் வந்து, கோப்பைகளைக் கவிழ்த்து வைக்கும் திசை தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு கறுப்பு ரொட்டி. செங்கல் கனம், லேசான புளிப்பு. அதன்மேல் ஈரல் விழுது, அல்லது வினிகரில் ஊறிய மீன். மாலையில் மோரில் சர்க்கரையும் முட்டையும் எலுமிச்சையும் கலந்து, பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக் குடித்தார்கள். மோர் என்று கேள்விப்பட்டு ஆசையாக ஒரு வாய் வைத்தேன். குலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புத் தேடாதேங்கோ. எனக்கு இது பிடிபட ஆறு மாசம் எடுத்தது."

பத்து மணிக்கு ஆய்வு தொடங்கியது. நீண்ட மேசையில் ஒன்பது ஜாம் பாட்டில்கள். எட்டில் மண், ஒன்றில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் எடுத்த இடமும் தேதியும் ஒட்டியிருந்தது. மேசையில் இருந்தவர்களில் நிலத்தை நேரில் பார்த்து வந்தவர் யென்ஸ் மட்டும்தான். சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். சிவந்த மேடு, கூரையில்லாத வீடு, ஆலிவ் மரங்கள், பட்டை உரித்த ஓக் மரங்கள், வாய் அகலமான ஒரு கிணறு. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மண்ணைப் பற்றி இருபது வருடம் எழுதியிருக்கிறேன். மண்ணைத் தொட்டது குறைவு. ஒரு பாட்டிலைத் திறந்து விரலில் தேய்த்தேன். மண்ணாக இருந்தது.

மழைக்கணக்குத் தாளை நீட்டினார்கள். அது எனக்குப் பழக்கமான விஷயம். போர்த்துகலில் அந்த இடத்துக்குக் கிடைப்பது எங்கள் மாவட்டத்து மழையைவிடக் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் பெய்கிறது, அதனால் வெயில் அதைக் குடித்துவிடுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க டென்மார்க்கின் கணக்கையும் கேட்டேன். தாளை வாங்கி இரண்டு முறை கூட்டினேன். ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு புல்லும் சதா சொட்டிக்கொண்டிருக்கும் கூரையுமாக இருந்த இந்தப் பூமிக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையும், நாங்கள் தண்ணியில்லாக் காடு என்று சொல்லும் ராமநாதபுரத்துக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குப் பிறகு அன்று நான் சொன்ன எதிலும் எனக்கே நம்பிக்கை இல்லை.

அவர்களைப் பயமுறுத்தினால் யோசிப்பார்கள் என்று நினைத்தேன். கோடையில் மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வெளியே வேலை செய்ய முடியாது என்றேன். அந்த நேரத்தில் புத்தகம் படிக்கலாம் என்றார்கள். காய்கறி கருகும் என்றேன். ஆலிவ் கருகாது என்றார்கள். ஆடு மாடு ஒரு செடியை விடாது என்றேன். ஆடு என்று கேட்டதும் மேசை முழுக்க முகம் மலர்ந்தது.

"ஆட்டைப் பற்றி மட்டும் கதையாதேங்கோ" என்று குலம் தமிழில் முணுமுணுத்தார். "இவை ஆட்டுக்குப் பேர் வைச்சு, பிறந்தநாளுக்குக் கொடியும் ஏத்துவினம்."

பேச்சு ஓயும் நேரத்தில் அவர் என் பக்கம் சாய்ந்தார். "அண்ணை, கிணத்தைக் கேளுங்கோ. இறைச்சு முடிச்சாப் பிறகு எவ்வளவு நேரத்தில திரும்ப ஊறுது எண்டு கேளுங்கோ. மண் எண்டால் குப்பை போட்டு மாத்தலாம். ஊத்துக்கண்ணை மாத்த ஏலாது."

"நீங்களே கேக்கலாமே?"

"நான் கேட்டால், மொழிபெயர்க்க வந்தவன் ஏன் கதைக்கிறான் எண்டு பாப்பினம். நீங்கள்தானே எக்ஸ்பேர்ட்."

கேட்டேன். யென்ஸ் தன் குறிப்புகளைப் புரட்டினார். கிணற்றின் ஆழத்தை அளந்திருந்தார், அகலத்தை அளந்திருந்தார், தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து சோதனைக்குக்கூட அனுப்பியிருந்தார். இறைத்துப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் நாட்டில் அது யாருக்கும் தோன்றாது. மேசையில் ஒரு மரியாதை பரவியதை உணர்ந்தேன். கிர்ஸ்டன் என் தோளைத் தொட்டு, "இதற்காகத்தான் உங்களை அழைத்தோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குலம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

அந்தக் குழுவில் லோனெ என்ற இளம்பெண் முன்கூட்டியே போர்த்துகலுக்குப் போய் அந்த நிலத்தில் கூடாரம் போட்டிருந்தாள். வியாழக்கிழமை காலை அவள் கிராமத்துக் காபிக் கடையிலிருந்து வழக்கமாகப் பேசும் நேரத்தில், குலம் சொன்னதை நான் சொல்ல, நான் சொன்னதைக் கிர்ஸ்டன் தொலைபேசியில் சொன்னார். பக்கத்துப் பண்ணையில் பம்பு செட்டை இரவல் வாங்கு. முதலில் நீர் நிற்கும் இடத்தில் சுவரில் கோடு போடு. அடி தெரியும்வரை இறை. நேரத்தைக் குறி. பிறகு கை வைக்காதே. மறுநாள் காலை பார்.

பதிலுக்காகக் காத்திருந்த அன்று குலம் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பண்ணையின் ஓரத்தில் பழைய காலத்துக் கூலியாட்களுக்குக் கட்டிய சின்ன வீடு. இரண்டு அறை, ஓர் அடுப்படி. வாடகைக்குப் பதிலாகப் பண்ணையின் காய்கறித் தோட்டத்தை அவர் பார்த்துக்கொள்கிறார். கண்ணாடிக் கூடாரத்தில் ஆறு மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தார். லண்டனிலிருந்து தபாலில் வந்த தூளைப் போட்டு மீன் குழம்பு வைத்தார். மூன்று நாளில் முதல்முறையாக எனக்கு மூக்கு ஒழுகியது.

உள்ளறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில், சுவரில் இரண்டு கொக்கிகள்.

"இவ்வளவு கீழ எதுக்கு?"

"மகளுக்கு. ஆறு வயசு. இங்க பிள்ளையள் தங்கட கோட்டைத் தாங்களே கொழுவ வேணும். பள்ளிக்கூடத்தில கூட்டேக்க பாத்தனான். எல்லாக் கொக்கியும் இந்த உயரம்தான்." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "விசா வந்திட்டுது, அண்ணை. செப்டெம்பரில தாயும் மகளும் ரெண்டு பேரும் வருகினம்."

பண்ணையை வாங்கவிருப்பவர் பக்கத்துப் பன்றி வளர்ப்பாளர். அவர் கொடுத்த கெடு சனிக்கிழமை மதியம். அவருக்கு வேண்டியது நிலம். இந்தச் சின்ன வீடு இருக்கும் இடத்தில் எருத்தொட்டி கட்டப்போகிறார். இதையும் குலமே சொன்னார்.

"இவங்ககிட்ட சொன்னீங்களா, செப்டம்பர்ல அவங்க வர்றாங்கன்னு?"

"கிர்ஸ்டனுக்குத் தெரியும். நீயும் குடும்பத்தோட எங்களோட போர்த்துகலுக்கு வா எண்டுதான் சொல்றா. நல்ல மனுசி. என்ர அகதிப் பாஸ்போட்டில அங்க போய்க் குடியிருக்க ஏலாதெண்டு அவவுக்கு விளங்குதில்லை."

"நகராட்சியில கேட்டா வீடு தர மாட்டாங்களா?"

"கொமூனில பேர் குடுத்து வைச்சிருக்கிறன். அங்க எனக்கு முதல் நிறையப் பேர்."

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு லோனெ பேசினாள். நேற்று மதியம் கிணற்றின் அடியைப் பார்த்தாளாம். இன்று காலை எட்டு மணிக்கு நீர் பழைய கோட்டுக்கு ஒரு சாண் குறைவு, அவ்வளவுதான். கிர்ஸ்டன் தொலைபேசியை வைத்துவிட்டு இதைச் சொன்னபோது குலம் உருளைக்கிழங்குக் கூடையோடு வாசலில் நின்றார். கூடையைக் கீழே வைத்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"ஜூன் மாசத்திலயும் இப்படி ஊறுதெண்டால்…" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "எங்கட கிணத்தை விட நல்லம், அண்ணை. ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா இறைச்சால் ஆறு குடும்பத்துக்குக் காணும்."

கூட்டம் மாலை ஏழு மணிக்கு. வெளியே நண்பகல் போல வெளிச்சம். அவர்கள் கூட்டம் நடத்தும் முறையைக் கிர்ஸ்டன் முன்பே விளக்கியிருந்தார். ஓட்டெடுப்பு கிடையாது. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பேசுவார்கள், குறுக்கிடக் கூடாது. எல்லாரும் சரி என்றால்தான் முடிவு. ஒரே ஒருவர் முடியாது என்றாலும் முடிவு நின்றுவிடும். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்பதால் பேச்சு டேனிஷில்தான். அன்று கூடுதலாக ஒன்று சொன்னார்: மேசையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் ஒரு முறை உண்டு, எனக்கும் உண்டு. எங்கள் ஊர்க் கூட்டங்களில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கடைசியில் ஒருவர் சொன்னதுதான் நடக்கும். இங்கே ஒரு வெளியூர்க்காரன் முடியாது என்று சொன்னால் பதினேழு பேரின் வாழ்க்கை நின்றுவிடும் என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முடியாது என்று சொல்வதென்று தீர்மானித்திருந்தேன். காரணங்கள் இருந்தன. வெயில் பழகாத குழந்தைகள். கூரையில்லாத வீடு. ஒரு கிணற்றை ஒரு நாள் பார்த்து முடிவெடுப்பது. எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் அவற்றில் எவ்வளவு அந்த நிலத்தைப் பற்றியது, எவ்வளவு இடுப்பு உயரக் கொக்கிகளைப் பற்றியது என்று பிரிக்க முயன்றேன், முடியவில்லை. செய்தியாளனாக வாழ்நாளில் முதல்முறை, தகவலை வைத்துக்கொண்டு எதிர்மாறாகச் சொல்லப் போகிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

மேசையைச் சுற்றிப் பேச்சு வந்தது. யென்ஸ் பேசினார். மற்றவர்கள் பேசினார்கள். ஒரு பெண் அழுதார். ஒருவரும் சமாதானம் சொல்லவில்லை, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். என் முறை வந்தது. ஆறு நிமிடம் தமிழில் பேசினேன். அந்த நிலம் உங்களுக்கு ஆகாது என்று முடித்தேன்.

குலம் அதை டேனிஷில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். யென்ஸின் கழுத்து சிவந்தது. கிர்ஸ்டன் பென்சிலைக் கீழே வைத்தார்.

எனக்குப் பக்கத்து நாற்காலி குலத்துடையது. எல்லாரும் அவரைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்தார்கள். அடுத்தவர் பேசவில்லை, குலத்தைக் காட்டினார். மேசையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் ஒரு முறை.

குலம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பேசினார். அந்த நான்கு நாளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது தண்ணீருக்கான டேனிஷ் சொல் ஒன்றுதான். அது ஏழெட்டு முறை வந்தது. கையை விரித்து ஒரு சாண் காட்டினார். இறைப்பது போல இரண்டு கையையும் அசைத்தார். என் பக்கம் கை நீட்டி ஏதோ சொன்னபோது எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பு பாராட்டா கண்டிப்பா என்று புரியவில்லை.

கிர்ஸ்டன் ஆங்கிலத்துக்கு மாறினார். "கிணற்றைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி என்று குலம் சொல்கிறார். அதற்கு வந்த பதிலும் நல்ல பதில் என்கிறார். தன்னிடம் காசிருந்தால் தானே அந்த நிலத்தை வாங்குவேன் என்கிறார். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் வழக்கப்படி ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை. நாங்கள் போவதை ஏற்றுக்கொண்டு உங்களால் வாழ முடியுமா?"

இந்த வகைக் கேள்வியை நான் எங்கும் கேட்டதில்லை. நான் மதுரையில் வாழ்கிறேன். அவர்கள் எங்கே போனாலும் மதுரையில்தான் வாழ்வேன். வாழ முடியுமா என்று கேட்க வேண்டிய ஆள் என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தன் முறையை முடித்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

"குலம்…"

"சொல்லுங்கோ. அவை பாத்துக்கொண்டிருக்கினம்."

முடியும் என்றேன். நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு கோப்பை பியர் கொடுத்தார்கள்.

வெளியே கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குலத்தைப் பிடித்தேன். "ஏன் இப்படிச் செஞ்சீங்க? நான் சொன்னதோட விட்டிருந்தா நின்னிருக்கும்."

"அவை கேட்டது கிணத்தைப் பற்றி. என்ர வீட்டைப் பற்றிக் கேக்கேல்லை." கோழிக்கூட்டின் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். "அதை விடுங்கோ. காலமை நான் உங்களுக்கு என்ன சொன்னனான்? நல்ல கிணறெண்டு சொன்னன். நீங்கள் பின்னேரம் அதைக் கூடாதெண்டு சொல்லுறீங்கள். பேப்பரிலயும் இப்பிடித்தான் எழுதுறனீங்களோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு நன்றி சொல்கிறாரா, திட்டுகிறாரா, இல்லை உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாரா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பன்றி வளர்ப்பாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வழக்கறிஞரும் வந்தார். காபி குடித்தார்கள், வானிலையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். பதினொன்றரைக்குக் கையெழுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் ஒன்பது பக்கம். அதில் ஒரு பத்தியைக் கிர்ஸ்டன் எனக்காக ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார்: சின்ன வீட்டைச் செப்டம்பர் முதல் தேதிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும்.

குலத்தின் மனைவிக்கும் மகளுக்கும் விமானச் சீட்டு செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்கு.